முப்பத்தெட்டாயிரம் ரூபாக் கப்பல் சண்டை

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று முதல் வரி எழுதும்போதே பயமாக இருக்கிறது. யார் எப்போது வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைத்துவிட்டால், என்னுடன் வேலை செய்யும் புஷ்பா வாசித்துவிட்டு "அக்கா, அது செவ்வாய்க்கிழமை இல்ல, புதன்கிழமை" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதனால் கிழமைகளை விட்டுவிட்டேன்.

விளையாட்டுச் சாமான் விற்கிறவளுக்கு விலை சொல்வது கஷ்டமில்லை. "அந்தக் காசுக்கு இது பெறுமதியா?" என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்வதுதான் தொழில். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எல்லாரும் இந்த வருத்தத்தை அறிவீர்கள். புடவைக் கடையில் நிற்பவரிடம் சாயம் போகுமா என்று கேட்பார்கள். செருப்பு, சப்பாத்துக் கடையில் நிற்பவரிடம் எத்தனை வருஷம் உழைக்கும் என்று கேட்பார்கள். நமக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்லவும் முடியாது.

நான் நாவலப்பிட்டித் தோட்டப் பக்கத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். இப்போது பேராதனையில் குடியிருக்கிறேன். கண்டி டவுனில் இந்தக் கடைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மூன்று பெட்டி வந்தது

எங்கள் முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். கடையில் கீழே ஒரு பக்கம் என்னுடைய விளையாட்டுச் சாமான். எதிர்ப்பக்கம் புஷ்பாவின் எழுதும் கொப்பி, பேனை. மேல்மாடி சாமான் அறை. ஒருநாள் ஹாஜியார் கொழும்பிலிருந்து மூன்று பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றும் ஒரு சின்ன சூட்கேஸ் அளவு. மூடியில் தாடி வைத்த ஒரு நடிகர் கப்பல் மேல்தட்டில் நிற்கிறார். பின்னால் தீ, புகை, அலை. அந்த நேரம் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த ஓர் இங்கிலீஷ் கடற்சண்டைப் படத்தின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. உள்ளே இருப்பது மேசையில் வைத்து இரண்டு பேர் விளையாடுகிற கப்பல் சண்டை. விலை முப்பத்தெட்டாயிரம் ரூபா. நான் விலைத் துண்டை இரண்டு தரம் பார்த்தேன். எங்கள் வீட்டு காஸ் அடுப்பு அதைவிட மலிவு.

ஹாஜியார் பெட்டிகளை என் ராக்கையின் மேல்தட்டில் தன் கையாலேயே அடுக்கினார். அடுக்கிவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். விளையாட்டுச் சாமான் முன்னைப்போல ஓடுவதில்லை, பிள்ளைகள் எல்லாம் போனில்தான் விளையாடுகிறார்கள், நத்தாருக்குள், அதாவது கிறிஸ்மஸுக்குள், இந்த மூன்றும் போகாவிட்டால் ராக்கைகளைக் கழற்றிவிட்டுக் கைப்பை போடப்போகிறார். என்னை நிறுத்தமாட்டார், மேலே சாமான் அறைக்கு அனுப்புவார். அந்த அறையில் ஒரு ஜன்னலும் இல்லை. தூசி பட்டால் எனக்கு இழுப்பு வரும். அதோடு, பத்தொன்பது வருஷமாக நான் நிற்கிற இடத்திலிருந்து வீதி தெரியும், மழை தெரியும், யார் குடை மறந்து ஓடுகிறார்கள் என்பது தெரியும்.

"மூணும் போகுமா ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"படத்தப் பாத்தவன் பெட்டியப் பாத்தா விட்டுட்டுப் போவானா புள்ள?" என்றார்.

முதலில் கேட்டவர்

படத்தைப் பார்த்தவர்கள் பெட்டியையும் பார்த்தார்கள். விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு பெண் வந்தார். வங்கியில் வேலை செய்பவர். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. கணவரின் பிறந்தநாளுக்கு வாங்க நினைக்கிறாராம். கணவர் அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்தாராம்.

நான் பெட்டியை இறக்கி வைத்தேன். கனம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, மூடியில் எத்தனை கப்பல் என்று எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, "அதெல்லாம் சரி. நீங்களா இருந்தா வாங்குவீங்களா?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதானே அவ்வளவும் பேசினேன். வாங்குவேன் என்றால் பொய். வாங்கமாட்டேன் என்றால் ஹாஜியாருக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொல்ல நினைத்து, "எங்க வீட்டு மேசைய விட இந்தப் பெட்டி பெருசுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தங்கள் வீட்டு மேசையைத்தான் யோசித்திருப்பார் போல.

"அப்பிடின்னா முதல்ல ஒரு மேசைய வாங்கிட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டுக் காட்டும் பழக்கம்

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. எதையும் போட்டுக் காட்டாமல் கட்டிக் கொடுக்கமாட்டோம். பல்ப் என்றால் ஹோல்டரில் மாட்டி எரிய வைத்துக் காட்ட வேண்டும். பந்து என்றால் காற்றடித்துக் காட்ட வேண்டும். பெட்டறிக் கார் என்றால் கவுண்டர் மேல் ஓட விட்டு, சத்தம் வருகிறதா, சிவப்பு லைட் எரிகிறதா என்று வாங்குகிறவர் கண்ணால் பார்த்த பிறகுதான் பை. பிறகு "ஓடல்ல" என்று திருப்பிக் கொண்டுவர முடியாது. இதற்காகவே கவுண்டரில் இழுத்துத் திறக்கிற என் லாச்சியில் பெட்டறிகள், ஒரு பம்ப், பொலித்தீன் கிழிக்க ஒரு பிளேட் எப்போதும் இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் என் மூளையைக் கேட்காமலே கை அந்த லாச்சிக்குப் போகும்.

ஒரு பின்னேரம் பேராதனையில் படிப்பிக்கிற ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தவர். பேசுவதிலேயே தெரிந்தது. பெட்டியைப் பார்த்ததும் அவர் கண் மின்னியது. "அக்கா, இதைத்தான் ரெண்டு மாசமாத் தேடித் திரியிறன்" என்றார். பெறுமதியா என்று அவர் கேட்கவே இல்லை! அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவர் குனிந்து பேர்ஸைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், என் கை லாச்சியைத் திறந்தது, பிளேட்டை எடுத்தது, பெட்டியைச் சுற்றியிருந்த பொலித்தீனை நான்கு பக்கமும் கிழித்தது. மூடியைத் தூக்கி, "பாத்துக்குங்க தம்பி, எல்லாச் சாமானும் சரியா இருக்கு" என்று காட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அக்கா, என்ன வேலை செய்துபோட்டியள்! பொலித்தீன் கிழிஞ்சா அதுக்கு மதிப்பே இல்லை" என்றார். அவர் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சேர்த்து வைப்பவராம். ஏணியில் ஏறி அடுத்த பெட்டியை இறக்கினேன். அதை அவர் என்னிடம் விடவில்லை. தானே இரண்டு கையாலும் வாங்கி, என் லாச்சிக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டார். காசு கொடுத்து முடிந்ததும், மனம் கேட்காமல், "நல்லா விளையாடுங்க தம்பி" என்றேன்.

"விளையாடுறதோ? நான் இதைத் திறக்கவே மாட்டன் அக்கா" என்றார் அவர்.

ஹாஜியார் சொன்னது

ஒன்று போயிற்று; மிச்சம் இரண்டு. ஆனால் அதில் ஒன்று கிழிந்த பெட்டி. மறைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பழைய பொலித்தீனைச் சுற்றி டேப் ஒட்டினால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். இரவெல்லாம் தூக்கம் வராது. ஆகவே நானே போய்ச் சொல்லிவிட்டேன்.

ஹாஜியார் சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டால் நமக்கு லேசாக இருக்கும். அவர் மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடினார், திறந்தார், மூடினார். "ஒடச்ச பெட்டிய யாரு எடுப்பா?" என்றார், என்னிடம் இல்லை, பேனையிடம். நத்தார் கணக்கு அப்படியே நிற்கிறது, ரெண்டும் போக வேண்டும் என்றார். நான் அழுதுவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, கொஞ்சம் குரலை இறக்கி, பொய் சொல்லி விற்க வேண்டாம், பொய் சொல்லி விற்றது எல்லாம் திரும்பி வரும் என்றார். "பொய்யும் சொல்லாம, மேசை சின்னதுன்னும் சொல்லாம எப்பிடிங்க விக்கிறது?" என்று கேட்டேன். மேசைக் கதையைப் புஷ்பா ஏற்கெனவே அவருக்குச் சொல்லியிருந்தாள்.

"ஒங்கட கையையும் வாயையும் கட்டிப்போட்டா இந்தக் கடை தானா ஓடும் புள்ள" என்றார்.

கோயில் வாசலில்

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் ஃபாதரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத சாமானை "பெறுமதிதான்" என்று சொல்லி விற்றால் அது பாவமா, சின்னப் பாவமா பெரிய பாவமா என்று கேட்டேன். ஃபாதர் இளவயதுக்காரர், சிரித்த முகம். முதலில் விலை என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் அங்கியின் கைப்பகுதியைச் சரிசெய்துகொண்டார். பரிகாரம் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அந்த விலையைச் சொல்லும்போது உங்க முகம் போற போக்கைப் பார்த்தா, ஒருத்தரும் ஏமாற மாட்டாங்க" என்றார்.

சதுரக் கோட்டுக் கொப்பி

திறந்த பெட்டியைத் திறந்தபடியே கவுண்டரில் வைக்கச் சொல்லி யோசனை சொன்னது புஷ்பா. கடுகண்ணாவையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள், ஓ.எல். வரை படித்தவள், என்னைவிட மூன்று வயது குறைவு, வாய் முப்பது வயது கூட. எப்படியும் கிழிந்துவிட்டது, ஆட்கள் கப்பலையாவது பார்க்கட்டும் என்றாள். நியாயம்தான். கப்பல்கள் உண்மையிலேயே அழகு. சுண்டுவிரல் நீளம், பீரங்கிகூடத் தனித்தனியாகத் தெரியும். நான் அவற்றைத் தினமும் காலையில் தூரிகையால் தட்டி வைத்தேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மகள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரிசு தேடி வந்தார். என் ஊர்க்காரர், நாவலப்பிட்டியில் அவரிடம் படித்தவர்கள் நிறையப் பேர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தார். நெடுக்கே எழுத்து, குறுக்கே இலக்கம், எதிராளி கப்பலை எந்தக் கட்டத்தில் ஒளித்திருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி அடிக்க வேண்டும். "அட, இத நாங்க வகுப்பில கடைசி வாங்கில இருந்து கொப்பியில விளையாடினோமே! சதுரக் கோட்டுக் கொப்பி ரெண்டும் ஒரு பென்சிலும் போதுமே" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "இந்த விலைக்கு இது பெறுமதியாம்மா?"

என்ன செய்வது, வாத்தியார். வாத்தியாரிடம் பொய் சொல்ல பள்ளியில் இருந்த எட்டு வருஷமும் எனக்குப் பழக்கமில்லை. "கொப்பியிலயும் விளையாடலாந்தான் சேர்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி எதிர்க் கவுண்டருக்குப் போனார். அடுத்த இரண்டு நாளில் அவர் சொல்லிக் கேட்டு இன்னும் மூன்று பேர் வந்து, என் கப்பல்களை ஆசையாகப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் கொப்பி வாங்கினார்கள்.

"ஸ்டெல்லாக்கா, உங்க பெட்டிய மட்டும் வித்துடாதீங்க, என் கொப்பி நல்லா ஓடுது" என்றாள் புஷ்பா.

மதியச் சண்டை

மார்கழி பிறந்துவிட்டது. இரண்டு பெட்டியும் அப்படியே. மேலே சாமான் அறைக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன், எங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று. ஏழு தும்மல் தும்மிவிட்டு இறங்கினேன். அன்றுதான் எனக்குப் பட்டது: பெறுமதியா பெறுமதியா என்று இத்தனை பேர் கேட்கிறார்கள், நானோ ஒருதரம்கூட இதை விளையாடிப் பார்த்ததில்லையே! காரை ஓட்டிக் காட்டுகிறோம், பந்தைத் தட்டிக் காட்டுகிறோம். இதைத் திறந்தேன், ஓடுகிறதா என்று பார்க்கவில்லை.

மதியம் சோற்றுப் பார்சலை ஒதுக்கிவிட்டு, கொப்பிப் பெட்டிகளின் மேல் பலகை போட்டு, புஷ்பாவும் நானும் உட்கார்ந்தோம். இங்கிலீஷில் இருந்த விதிப் புத்தகத்தைப் புஷ்பா எழுத்துக் கூட்டி வாசித்தாள். நடுவில் ஒரு அட்டைத் தட்டி. அந்தப் பக்கம் அவள் கடல், இந்தப் பக்கம் என் கடல். நான் என் பத்துக் கப்பலையும் ஒரு மூலையில் ஒன்றோடு ஒன்று முட்டும்படி வைத்தேன். மூலை என்றால் பயமில்லை அல்லவா? ஒன்றைக் கண்டுபிடித்ததும் புஷ்பா பக்கத்துக் கட்டங்களை வரிசையாகச் சொன்னாள். கால் மணி நேரத்தில் என்னிடம் ஒரு படகுகூட இல்லை.

அடுத்த நாள் கப்பல்களைப் பரப்பி வைத்தேன். மூலையை விட மனமில்லை, ஆனால் வைத்தேன். அப்போதுதான் கொப்பியில் இல்லாத ஒன்று பெட்டியில் இருப்பது தெரிந்தது. படத்து நடிகர்களின் முகம் போட்ட பன்னிரண்டு அட்டைகள். நம்முடைய முறை வந்ததும் ஓர் அட்டையைப் போட்டு, அகப்படப் போகிற கப்பலை ஒருதரம் நகர்த்திவிடலாம். தாடிக்காரர் அட்டையைப் போட்டு நான் என் பெரிய கப்பலை நழுவ விட்டதும், புஷ்பா அதே பழைய இடத்தில் சுட்டு, "இருக்கு, அங்கதான் இருக்கு!" என்று துள்ளினாள். இல்லை. எனக்கு வந்த சிரிப்பில் சோறு புரையேறியது. சத்தம் கேட்டு ஹாஜியார் வந்துவிட்டார். இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், "எந்தப் பக்கம் தோக்குது?" என்று கேட்டார். புஷ்பா என்று சொன்னேன். "நகருங்க" என்று அவளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் அவருடைய கடைசிக் கப்பலும் போயிற்று.

"அது எப்பிடி முழுகும்? திரும்ப எண்ணுங்க!" என்றார் ஹாஜியார்.

நானே போட்ட கணக்கு

இதற்குள் எனக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. உங்களிடம் சொல்வதில் ஆபத்தில்லை, நீங்கள் என் கவுண்டருக்கு வரப்போவதில்லை. படம் என்பது மூடியிலும் அட்டைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. படத்துக்காக வாங்குகிறவருக்கு மூடி போதும். தனியாக இருப்பவருக்கு இது தண்டம். எதிரே உட்கார ஆள் இருந்து, அந்த ஆள் தோற்றால் கோபித்துக்கொள்கிறவராகவும் இருந்தால், இது பெறுமதிதான். முப்பத்தெட்டாயிரத்துக்கா என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் சரிவரவில்லை.

இந்தப் பதிலை முதன்முதலாக ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டோடு வந்த ஒரு மனிதர். போனில் இந்த விளையாட்டைப் பற்றி யாரோ பேசும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "வீட்ல எதிர்ல உக்கார யாராவது இருக்காங்களா சேர்?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் வீடியோவை நிறுத்தினார். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினார்.

"நான் சாமான் வாங்க வந்தேன் அக்கா, நீங்க கல்யாணம் பேசுறீங்க" என்றார்.

மேசை வாங்கிவிட்டு வந்தவர்

நத்தாருக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அந்த வங்கிக்காரப் பெண் மறுபடி வந்தார். இந்த முறை கணவரோடு. பிறந்தநாள் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு முழுக்கைச் சேட்டு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாராம். இப்போது நத்தார் பரிசு. கணவர் பெட்டியைக் கண்டதும் தடவிக்கொண்டே நின்றார். அவர் தடவுவதைப் பார்த்து இந்தப் பெண்ணுக்குக் கோபம். "படத்தப் பாத்தாச்சு, மூணு தரம் பாத்தாச்சு. இனி இந்த அட்டைப் பெட்டிக்கும் காசா?" என்றார். "அட்டை இல்ல, கப்பல்" என்றார் கணவர். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இந்த முறை உண்மையச் சொல்லுங்க. பெறுமதியா இல்லையா?" என்றார் அந்தப் பெண்.

வாயைத் திறந்தேன். பெறுமதி என்றால் நாளைக்கு அவர் திருப்பிக் கொண்டுவருவார். இல்லை என்றால் நத்தார் முடிந்ததும் நான் மேல்மாடியில் தும்முவேன். காஷ் மேசையிலிருந்து ஹாஜியார் பேனையை மூடித் திறப்பது கேட்டது. அப்போதுதான் என் கை, என்னைக் கேட்காமலே, பழக்கப்படி தன் வேலையைச் செய்தது. ஆனால் லாச்சிக்குப் போகவில்லை. சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டது. பிறகு இன்னொரு கதிரை. "உக்காருங்க மிஸ். போட்டுக் காட்டாம நாங்க எதையும் குடுக்கிறதில்ல" என்றேன். கிழிந்த பெட்டியைத் திறந்து, நடுவில் தட்டியை நிறுத்தினேன்.

முதல் பத்து நிமிஷம் அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து விளையாடினார். பிறகு அவருக்குக் கணவரின் ஒரு கப்பல் அகப்பட்டது. அதற்குப் பிறகு மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கைப்பையை நிலத்தில் வைத்தார். கணவர் தாடிக்காரர் அட்டையைப் போட்டுக் கப்பலை நகர்த்த, "அது களவு, களவு!" என்று கத்தினார், நான் விதிப் புத்தகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கொப்பி வாங்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் கணவர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணால் சாடை காட்ட, புஷ்பா அவரை விரட்டினாள். முக்கால் மணி நேரம். கணவர்தான் தோற்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டாம், போவோம் என்றார். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"பொலித்தீன் கிழியாதது ஒண்ணு தாங்க. இவர வீட்டுலயும் தோக்கடிக்கணும், அதுக்குத்தான் மேசை வாங்கினோம்" என்றார்.

மிச்சமிருந்தது

கிழிந்த பெட்டி மட்டும் மிச்சம். நத்தாருக்கு முதல்நாள் வரைக்கும் நான்கு சோடி அதன் முன்னால் உட்கார்ந்து விளையாடினார்கள். ஒரு சோடி, புதுப் பெட்டி வந்தால் எடுப்பதாக முன்பணம் வைத்தார்கள். இரண்டு சோடி எழுந்து போய்ப் புஷ்பாவிடம் சதுரக் கோட்டுக் கொப்பி வாங்கினார்கள், அவர்களும் சிரித்துக்கொண்டுதான் போனார்கள். ஒரு சோடி ஒன்றும் வாங்காமல், தேத்தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஒருவரும் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஒருவரும் "நீங்க சொன்னீங்களே" என்று என்னைக் கேட்கவில்லை. நான்தான் ஒன்றும் சொல்லவில்லையே.

கடை பூட்டும் நேரம் ஹாஜியாரிடம் போய், மூன்றில் இரண்டுதான் போனது, மேலே எப்போது போக வேண்டும் என்று கேட்டேன். கேட்காமல் நத்தார் சோறு இறங்காது. அவர் கொழும்புக்கு இன்னும் மூன்று பெட்டி சொல்லியாகிவிட்டது என்றார். ராக்கை இருக்கும், நானும் அதன் முன்னால் இருப்பேன். கைப்பை யோசனையைத் தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டாராம். அப்படியானால் இந்தக் கிழிந்த பெட்டியை விலை குறைத்து யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதத் தொடாதீங்க புள்ள, நாளைக்கு மத்தியானம் எனக்கு ஒங்களோட ஒரு சண்ட இரிக்கு" என்றார். நாளைக்கு நத்தார், கடை பூட்டு என்பதைக்கூட நான் ஞாபகப்படுத்தவில்லை.

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் நின்று நெஞ்சடிக்கிற என் கூட்டாளிகளே, "பெறுமதியா?" என்று யார் கேட்டாலும் நான் இப்போது வாயைத் திறப்பதில்லை, கதிரையை இழுத்துப் போடுகிறேன், பிளேட்டையும் புஷ்பாவின் லாச்சியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.